நாற்பத்தேழாம் வரி

மாத்தளை மாவட்டத்து மக்களுக்கும், கடல் கடந்து வாழும் தமிழர்களுக்கும், இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கும் பணிவோடும் பெருமையோடும் தெரிவிக்கப்படுவது: எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, சுபவேளையில், கணினி வாய் திறந்து தமிழ் பேசும்.

இப்படியொரு மஞ்சள் நோட்டீஸ் அந்த வாரம் மாத்தளை நகரின் திருகோணமலை வீதி நெடுகக் கடைக் கதவுகளில் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் 'மலையகக் கணினித் தமிழ் உயராய்வுப் பேரவை' என்று பெரிய எழுத்து. அதற்கும் அடியில், பேரவையைவிடப் பெரிய எழுத்தில், தலைவர் 'கணினித் தமிழ்க் காவலர்' விஜேந்திரன். கணினி எத்தனையோ வருடமாகத் தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. எல்கடுவ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கைபேசிகூடப் பேசுகிறது. ஆனால் அதெல்லாம் தலைவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசியது. கணக்கில் வராது.

பேரவை என்பது சாலிஹ் ஹாஜியாரின் சரக்குக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. கடிதத்தாளின் ஓரத்தில் பதினேழு உறுப்பினர்களின் பெயர் உண்டு. அறையில் நாற்காலி நான்கு உண்டு. நான்கும் ஒரே நேரத்தில் நிரம்பியதை யாரும் கண்டதில்லை. கீழே காயப்போட்ட கராம்பின் வாசம் காலையில் படியேறி வந்தால் மாலைவரை போகாது. அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் கண் தானாகச் சொருகும். பேரவையின் தீர்மானங்கள் பலவும் அந்த நிலையில்தான் நிறைவேறின.

அந்த அறையில் கணினி தெரிந்த ஒரே ஆள் நிரோஜா. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீட்டு லயத்தில் பிறந்து, கண்டியில் டிப்ளோமா முடித்து வந்தவள். நோட்டீஸில் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று ஒரு வரி இருந்ததே, அந்தப் பிரிவு முழுவதும் அவள்தான்.

பேசப்போவது ஒரு வாசிப்பு மென்பொருள். அச்சடித்த பக்கத்தைக் கமெராவின் முன் பிடித்தால், எழுத்தைத் தானே கண்டுபிடித்து உரக்க வாசிக்கும். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கும் ஆட்கள் சம்பளமில்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூலநிரலைத் திறந்து விட்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அதைச் சமையலுக்கு வாங்கிய பச்சைக் காய்கறி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அரிந்து, வேகவைத்து, இறக்கினால்தான் சாப்பாடு. அந்த வேலைக்குக் கம்பைல் என்று பெயர். பேரவையின் பழைய மடிக்கணினியில் ஒரு முறை கம்பைல் ஆக இரண்டரை மணித்தியாலம் பிடித்தது.

தலைவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. நிரோஜாவுக்கு வேண்டியது ஜெஸ்லா.

ஜெஸ்லா உக்குவளையில் இருந்தாள். டிப்ளோமா நாளிலிருந்து நிரோஜாவின் சிநேகிதி. பிறவியிலேயே கண் பார்வையில்லை. பட்டம் முடித்து, மூன்று வருடம் காத்திருந்து, ஒருவழியாக ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பாடசாலையில் முதல் நாள். ஆறாம் தரத்துக்குத் தமிழ் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இதுவரை அவளுக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டியது அவளுடைய நானா, அதாவது அண்ணன், அன்ஸாப். அன்ஸாப் ஞாயிற்றுக்கிழமை பகல் வேன் ஏறி, இரவு விமானத்தில் கத்தாருக்குப் போகிறான். கைபேசியில் வாசிக்கும் செயலிகள் இருக்கின்றனதான். ஆனால் இன்டர்நெட் இல்லாவிட்டால் அவை ஊமை, ஜெஸ்லா வீட்டில் இன்டர்நெட் கிடைப்பது முற்றத்து மாமரத்தடியில் மட்டும். மழை பெய்தால் அங்கேயும் இல்லை. ஆகவே ஞாயிறு பகலுக்கு முன் இந்த மென்பொருள் வாய் திறக்காவிட்டால், திங்கட்கிழமை ஒரு புதிய ஆசிரியை வாசிக்க முடியாத புத்தகத்தோடு வகுப்புக்குள் நுழைவாள்.

"வந்துரும் புள்ள, சனிக்கிழமைக்குள்ள உன் கையில தாறேன்," என்று நிரோஜா வாக்குக் கொடுத்திருந்தாள். அப்போது அவள் இன்னும் கம்பைல் செய்து பார்த்திருக்கவில்லை.

புதன்கிழமை வேலை தொடங்கியது. வேலை என்றால் விழா. காலை ஒன்பது ஆறுக்குச் சுபநேரம். மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மூடியின் ஒரு மூலையில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, தலைவர் சூடத் தட்டைத் திரைக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். காற்றுப்போகும் துவாரத்துக்குள் குங்குமம் விழாமல் நிரோஜா உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"இப்ப முதல் எழுத்த நான் என் கையால எழுதணும்," என்றார் தலைவர். நாற்பது வருடம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். எழுதாத தாளைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"எழுத ஒண்ணும் இல்லங்க சேர். எல்லாம் அவங்க எழுதி வச்சதுதான்."

"அவங்க எழுதட்டும். பிள்ளையார் சுழி போட்டாங்களா?"

"அவங்களுக்கு... தெரியாதுங்க சேர்."

"அதான பாத்தேன்." தலைவர், படமெடுக்க அழைத்து வந்திருந்த கமெராக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். "சுழி போடாம தொடங்கின ஒரு காரியம் மலையகத்தில உருப்பட்டதா சரித்திரம் இருக்கா? எங்க, முதல் தாளக் காட்டு."

முதல் தாள் என்று ஒன்று இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தன. நிரோஜா யோசித்து, ஆபத்தில்லாத சின்னக் கோப்பாக ஒன்றைத் திறந்தாள். கம்பைல் எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஓடும் கோப்பு அது. இருநூற்றுப் பதினான்கு பரீட்சைகள் வைத்து, எல்லாவற்றிலும் பாஸானால் மட்டும் குரலைக் கட்டிக் கையில் கொடுக்கும். அதன் உச்சியில் ஒரு புது வரி விட்டு, அவளே முன்யோசனையாக ஒரு வேலிக்குறியையும் (#) போட்டுவைத்தாள்.

"இது என்ன, வேலி மாதிரி?"

"இந்தக் குறி போட்ட வரிய மெசின் கண்டுக்காதுங்க சேர். மனுசர் வாசிக்க மட்டும்."

"நல்லது. கடவுள் விசயத்த மெசின் கண்டுக்கத் தேவையில்ல."

தலைவர் விசைப்பலகையில் 'உ' வைத் தேடினார். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சுபநேரம் நான்கு நிமிடம் கடந்துபோனது. விரல் விசையின்மேல் இருந்தபடியே ஏழு படம் எடுக்கப்பட்டது. அதில் நல்லதொன்று அன்று பிற்பகலே சட்டம் போடக் கொடுக்கப்பட்டது.

வியாழக்கிழமை முதல் கம்பைல். இரண்டரை மணித்தியாலம் வரிகள் திரையில் ஏறிக்கொண்டேயிருந்தன. எல்லாம் நல்லபடியாக முடிந்து, பரீட்சைக் கோப்புத் தொடங்கியதும் நின்றுவிட்டது. நாற்பத்தேழாம் வரியில் எதிர்பாராத அடைப்புக்குறி என்று மெசின் சொன்னது. பரீட்சைகள் இருநூற்றுப் பதினான்கு, நடந்தவை பூச்சியம்.

நிரோஜா நாற்பத்தேழாம் வரியைப் பார்த்தாள். அங்கே ஓர் அடைப்புக்குறி இருந்தது. இருக்கவேண்டிய இடத்தில், அடக்கமாக, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற விருந்தாளி மாதிரி நின்றது. அதை ஏன் மெசின் எதிர்பார்க்கவில்லை?

அன்றும் வெள்ளியும் அவள் செய்யாததில்லை. புதிய கருவிகளை இறக்கினாள். பழையவற்றைத் தூக்கினாள். இந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் கூடும் இணையத் தளத்தில் கேள்வி போட்டாள். ஏழு பேர் பதில் எழுதினார்கள். நான்கு பேர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்றார்கள். அவள் அப்படியே செய்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் சுழி போட்ட கோப்பை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்து மறுபடி உள்ளே வைத்தாள். தலைவரின் எழுத்து அழிந்தால் பேரவை அழிந்த மாதிரி. ஒருவர், வேறு கணினி வாங்கு என்றார். இன்னொருவர், இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டது என்று சொல்லி வேறொரு கேள்வியைக் காட்டினார்.

ஏழாவது ஆள் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு மலையாட்டின் படம் வைத்திருந்தார். எந்த நாடு என்று தெரியவில்லை. அவர் பதில் போடும் நேரத்தைப் பார்த்தால் சூரியன் அங்கே ஒழுங்காக உதிப்பதில்லை என்று பட்டது. அவர் எழுதினார்: 'நாற்பத்தேழாம் வரியில் அடைப்புக்குறியே கிடையாதே. அது நாற்பத்தாறில் இருக்கிறது.'

நிரோஜா விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தேழு. 'என்னிடம் நாற்பத்தேழு,' என்று எழுதினாள்.

'என்னிடம் நாற்பத்தாறு,' என்றார் மலையாடு.

நிரோஜா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கணினிக்காரர்களில் பாதிப்பேர் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவர்கள். இவரும் அந்த ஜாதி என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறாவது கம்பைல் தொடங்கியது. மலைப்பக்கம் மூட்டமாக இருந்தது. பதினொரு மணிக்கு மழை இறங்கியது. சத்தமில்லாத, முடிகிற உத்தேசமில்லாத மழை. கீழே சாலிஹ் ஹாஜியாரின் ஆட்கள் கராம்பை அள்ளி உள்ளே போட்டார்கள். ஈரத்தோடு சேர்ந்து வாசம் கனத்து, மாடிப்படியில் ஒரு மிருகம் மாதிரி மெல்ல மெல்ல ஏறி வந்து நிரோஜாவின் மடியில் தலைவைத்துப் படுத்தது.

திரையில் வரிகள் ஏறின. நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம். பதின்மூன்று வீதம். எல்கடுவ மலைச் சரிவில் காலையில் பெண்கள் நிரை பிடித்து ஏறுவதுபோல, ஒரு வரிக்குப் பின் ஒரு வரி, முதுகில் ஏதோ சுமந்துகொண்டு, அவசரமில்லாமல், மேலே போய் மூடுபனிக்குள் மறைந்தன. மேலே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நிரோஜா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே லயம் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் கதவுகள் உள்ள ஒரே நீள லயம். ஒவ்வொரு கதவிலும் இலக்கம். கதவுகள் எல்லாம் ஒருக்களித்துத் திறந்திருந்தன. ஒவ்வோர் அறையிலும் ஒரு விளக்கும் ஒரு ஆளும். யாரும் யாரோடும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எழுதியதை அழித்து அதையே மறுபடி எழுதினார். ஒரு பெண் சுவரில் 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது, தயவுசெய்து தொடவேண்டாம்' என்று எழுதிக் கீழே தேதி போட்டாள். நிரோஜா தன் கதவைத் தேடி நடந்தாள். நாற்பத்தேழு. உள்ளே அந்த அடைப்புக்குறி வளைந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப்புறம், நாற்பத்தாறாம் வீட்டில், மலையாடு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணும் சத்தம் கேட்டது. சுவரில் தட்டினாள். அந்தப்புறமும் தட்டியது. இரண்டு பேருமே சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள். ஆனால் லயத்தின் தொடக்கத்தில், பனிக்குள்ளே, யாரோ ஒரு கூடுதல் வீடு கட்டியிருந்தார்கள். அங்கே யார் குடியிருக்கிறார் என்று பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பலாக இருந்தது.

கண் விழித்தபோது மணி இரண்டு. கம்பைல் முடிந்திருந்தது. நாற்பத்தேழாம் வரி. எதிர்பாராத அடைப்புக்குறி. பூச்சியம்.

படியில் செருப்புச் சத்தம். முன்னால் அன்ஸாப், பின்னால் அவன் தோளைப் பிடித்தபடி ஜெஸ்லா, அவள் கையில் ஒரு நனைந்த குடையும் ஆறாம் தரப் புத்தகமும்.

"தங்கச்சி, பேசுதா உங்கட பெட்டி?" என்றான் அன்ஸாப். புதிதாக வாங்கிய சூட்கேசைக் கதவோரம் வைத்தான்.

நிரோஜா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"பேசல்ல," என்றாள் ஜெஸ்லா. "அவ மூச்சு விடுறதிலயே தெரியுது."

"மூணு நாளா ஒரே இடம். நாப்பத்தேழாம் வரி. பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு புள்ள."

"அப்ப நீயும் நம்மட ஆள்." ஜெஸ்லா நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். "பாத்தது போதும். தா, நான் கேட்டுப் பாக்கிறன். இதில இங்கிலிஷ் குரல் ஒண்டு ஈக்குதுதானே?"

இருந்தது. எல்லாக் கணினியிலும் இருப்பதுபோல் அதிலும் ஓர் ஆங்கிலக் குரல். திரையில் இருப்பதை இயந்திரத் தொண்டையால் வாசிக்கும். தமிழ் அதற்குத் தெரியாது.

"இது கோட் ஜெஸ்லா. கதை இல்ல."

"நானா வாசிக்கிற கதைய விட மோசமா இருக்காது."

"ஏன், என்ட வாசிப்புக்கு என்ன குறை?" என்றான் அன்ஸாப்.

"போற நேரத்தில சண்டை வேணாம் நானா."

அவள் காதுக்கருவியை மாட்டி, வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். காதுக்கருவிக்கு வெளியே கேட்டது பேச்சில்லை. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றுகிற பூச்சியின் சத்தம். ஜெஸ்லா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பு முழுவதையும் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்தாள். பிறகு வேகத்தைக் குறைத்து, உச்சிக்குப் போனாள். மறுபடியும் உச்சிக்குப் போனாள்.

"நிரோ, இந்த பீ எய்ட் நைன் என்ன?"

"எது?"

"ஆகத் தொடக்கத்தில. நம்பர் சைன், லெட்டர் பீ எய்ட் நைன் எண்டு விக்குது. பஸ் நம்பரா?"

"அப்படி ஒண்ணும் இல்லயே."

"ஈக்கு. முதல் வரி. அதுக்குக் கீழதான், இதை இன்னார் வாசிக்கணும் எண்டு எழுதின வரி வருது."

நிரோஜா திரையைப் பார்த்தாள். நூறு தடவை பார்த்த திரை. அப்போதுதான் அதைக் கண்டாள்.

தமிழ்க் கண் ஒன்றுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கடிதம், கொப்பி, கல்யாணப் பத்திரிகை, கடைச் சிட்டை, எதன் உச்சியிலும் ஒரு சுழி இருக்கும். கண் அதைத் தாண்டி அடுத்த வரியில் இறங்கும். அது எழுத்து என்றுகூட மனதில் படாது. நெற்றியில் இருக்கும் பொட்டை யாரும் வாசிப்பதில்லையே. நிரோஜாவும் மூன்று நாளாக அந்த வரியைத் தாண்டித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாத குரல் ஒன்றுதான், 'உ' வுக்குக் கணினி வைத்திருக்கும் இலக்கத்தை பீ எய்ட் நைன் என்று வாசித்து, அதில் கால் தடுக்கி விழுந்தது; சுழி போட்டுப் பழகாத காது ஒன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டது.

"ஐயோ," என்றாள். "தலைவர்."

வேலிக்குறி போட்ட வரியை மெசின் கண்டுகொள்ளாது என்று அவள் சொன்னது உண்மைதான், ஓர் இடம் தவிர. இந்த மாதிரிக் கோப்பின் முதல் வரியில், 'இதை வாசிக்க இன்னாரைக் கூப்பிடு' என்று எழுதியிருக்கும். கணினி தோட்டத்து ஒபீஸ் பியூன் மாதிரி; கடிதத்தின் முதல் வரியை மட்டும்தான் பார்க்கும். அங்கே பெயர் இல்லாவிட்டால் இரண்டாம் வரிக்கு இறங்கித் தேடுகிற வழக்கம் அதற்கில்லை. வாசலில் சும்மா நிற்கிற யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்துவிடும். சும்மா நின்றவனுக்குப் பாதி பாஷைதான் தெரியும். அவன் மெனக்கெட்டு நாற்பத்தாறு வரி வாசித்துவிட்டு, நாற்பத்தேழில் தனக்குத் தெரியாத அடைப்புக்குறியைக் கண்டதும் கைவிரித்துவிட்டான். மலையாட்டுக்கு ஒரு வரி குறைவாக இருந்ததற்கும் காரணம் அதுதான். அவர் ஒன்றிலிருந்துதான் எண்ணினார்.

ஜெஸ்லாவுக்கு இதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாங்க எண்டா பிஸ்மிக்குப் பதிலா எழுநூத்தி எண்பத்தாறு போட்டிருப்பம். அதுக்கும் இதே கதிதான். அழி, அழி."

நிரோஜாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழித்தாள். இம்முறை கம்பைல் தேவைப்படவில்லை. பரீட்சை தானாக ஓடியது. ஒன்று, சரி. இரண்டு, சரி. மழையும் மெல்லக் குறைந்து, கூரையோரம் சொட்டும் சத்தமும் திரையில் சரி சரி என்று விழும் வரிகளும் ஒரே தாளத்துக்கு வந்தன. நூற்றுப் பதின்மூன்றில் கொஞ்சம் நின்றது. அன்ஸாப் "யா அல்லாஹ்" என்றான். பிறகு அதுவும் சரி. இருநூற்றுப் பதினான்கு.

ஜெஸ்லா புத்தகத்தை நீட்டினாள். "நாலாம் பாடம். மரம் வளர்ப்போம். அதுக்கு நான் நோட்ஸ் எல்லாம் எழுதி வச்சிருக்கன்."

"வேற பாடம் பாக்கலாமே," என்றான் அன்ஸாப்.

நிரோஜா பக்கத்தைக் கமெராவுக்குக் காட்டினாள். அறைக்குள் ஒரு குரல் பிறந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த மாதிரி ஒரு குரல். எங்கேயோ தூரத்தில், முன்பின் தெரியாத பத்துப் பேர் தங்கள் மூச்சில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டிவைத்த குரல். ஜெஸ்லா இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, சூடு காய்கிறவள்போல அதன் பக்கம் சாய்ந்தாள்.

"மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மரங்கள் நமக்குக் காய்கனிகள் தருகின்றன. மரங்கள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன. ஆகவே நாம் மரங்களை வளர்ப்போமாக."

குரல் நின்றது. பயிற்சி வினாக்கள் தொடங்கின.

"நானா," என்றாள் ஜெஸ்லா. "யானை எங்க?"

அன்ஸாப் சூட்கேசின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லக்கலயில ஒரு ஆள் பலா நட்டது எங்க? யானை வந்து ராவு ராவா புடுங்கினது? பொறகு அந்த மனிசன் யானைக்கு ஒரு கண்டு, தனக்கு ஒரு கண்டு எண்டு சோடி சோடியா நட்டது?"

"அது... அடுத்த பக்கத்தில இருக்கும்."

"அடுத்த பக்கம் இலக்கணம்."

"சரி, இல்ல. என்ன செய்ய? வாசிக்க எனக்கே தூக்கம் வந்திச்சு. உனக்கு வராதா?" அன்ஸாப் நனைந்த குடையை எடுத்து மடித்தான். "புத்தகத்த விட நல்லாத்தானே ஈந்திச்சு."

ஜெஸ்லா புத்தகத்தை வாங்கிப் பக்கங்களை விரலால் தள்ளினாள். "மத்தப் பாடங்களும் இப்படியா?"

"ரெண்டாம் பாடம் மட்டும் உள்ளபடி வாசிச்சன். அண்டைக்குக் காய்ச்சல்."

அவள் கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. "நானா போன பொறகு," என்றாள், "எனக்கு எல்லாமே சரியாத்தான் வாசிக்கப்படும்." அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா என்று நிரோஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்கு மணிக்குத் தலைவர் வந்தார். கக்கத்தில், சட்டம் போட்ட படம். அதில் அவருடைய ஆள்காட்டி விரலும் ஓர் எழுத்தும். நிரோஜா நடந்ததைச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"அழிச்சிட்டியா?"

"ரெண்டாவது வரியில போட்டா ஒரு பிரச்சினையும் இல்லங்க சேர். மெசின் கண்டுக்காது."

"முழுமுதற் கடவுள," என்றார் தலைவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "ரெண்டாவது வரியில. நீ எல்கடுவயில பொறந்த புள்ளதானா?"

"அப்ப பேசாதுங்களே சேர்."

"பேசாட்டிப் போகுது. மொறை முக்கியம். போட்டோ எடுத்தாச்சு. சாட்சி இருக்கு. போட்டோவில முதல் வரியில இருக்கிறது பெட்டியில ரெண்டாவது வரியில இருந்தா நாளைக்கு வரலாற்று ஆய்வாளன் என்னத்த எழுதுவான்?"

வரலாற்று ஆய்வாளன் இந்தப் பக்கம் எப்போது வருவான் என்று யாரும் கேட்கவில்லை. நிரோஜா தலையை ஆட்டினாள். வேலை செய்கிற பிரதியை ஜெஸ்லாவின் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். பேரவையின் பிரதியில் சுழியைத் திரும்ப முதல் வரியில் வைத்து, கட்டிய குரலையும் கழற்றிவிட்டாள். மலையாட்டுக்கு இரண்டு வரி எழுதினாள்: 'கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் கடவுள் சம்பந்தப்பட்டது.' மலையாடு ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஆட்களுக்கும் அவரவர் ஊரில் ஏதாவது இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. மாலை போட்ட மடிக்கணினி மேடையின் நடுவில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில். பத்து இருபத்திரண்டுக்குக் கணினி பேசவேண்டும். ஆனால் அந்த நேரம் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "ஆயிரமாயிரம் ஆண்டுகளாய் ஊமையாய்க் கிடந்த இயந்திரத்துக்கு, இம்மலைநாடு இன்று நாவளித்தது" என்று அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. அவர் முடித்தபோது மணி பதினொன்று ஐம்பது, பெட்டிஸ் பலகாரமும் டீயும் ஆறிக்கொண்டிருந்தன. நன்றியுரை சொன்னவர், கணினியின் இனிய குரலைக் கேட்டு நெஞ்சம் உருகியதாகச் சொன்னார். மடிக்கணினி கடைசிவரை திறக்கப்படவில்லை. 'பயனாளி' என்று பட்டி குத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்த ஜெஸ்லா பாதியிலேயே எழுந்து, நானாவை வேனில் ஏற்றிவிடப் போய்விட்டாள்.

அன்று மாலை உக்குவளையில் மழை இல்லை. ஜெஸ்லா கணினியை முன்னால் வைத்துப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கேட்டாள். கேட்டு முடித்து நிரோஜாவுக்குப் போன் எடுத்தாள். "முழுப் புத்தகமும் முடிஞ்சு நிரோ. ஒரு யானைகூட இல்ல," என்றாள். "ஆனா நாளைக்கு நான் ரெடி."

திங்கட்கிழமை காலை பாடசாலை அதிபர் அவளுக்குக் கொடுத்தது கணித பாடம்.